காட்டுக்குப் போகிறவர்களுக்குச் சாமான் விற்கிறேன்

காட்டில் பிழைத்திருக்கச் சாமான் விற்கும் தொழிலில், வாங்கியவர் திரும்பி வந்து குறை சொன்னால்தான் நமக்கு நிம்மதி. செங்கம் ரோட்டில் என் கடை. டென்ட், டார்ச், கயிறு, தண்ணீர் வடிகட்டி எல்லாம் இருக்கும். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் கடை காக்கிறவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

கத்தி

சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர் முழ நீளக் கத்தி கேட்டார். நண்பர்கள் நாலு பேரோடு ஜவ்வாது மலைக்குப் போகிறாராம். "கத்தி அப்புறம். வழுக்காத ஷூ, ரெண்டு லிட்டர் பாட்டில், நனையாத கவர்ல தீப்பெட்டி, அதை மொதல்ல எடுங்க" என்றேன். கேட்கவில்லை. அடுத்த வாரம் கால் கொப்புளத்தோடு வந்தார்.

"ஒருத்தனும் வரலைண்ணா. தனியாப் போய் ஒரே ஒரு வெள்ளரிக்கா வெட்டிட்டு வந்துட்டேன்."

டார்ச்

கீழ்பென்னாத்தூர் விவசாயி ஒருவர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போட்ட கொல்லையில், ராத்திரி காட்டுப் பன்றி வராமல் காவல் இருப்பவர். நெற்றியில் மாட்டும் விளக்கைக் காட்டி, ரெண்டு கையும் சும்மா இருக்கும் என்றேன்.

"கை சும்மா இருந்தா, பக்கத்துல ஆள் இல்லாதது இன்னும் ஜாஸ்தியாத் தெரியுங்க. கைல புடிக்கறதே குடுங்க."

சொல்லிவிட்டுப் போனவர்

ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் தனியாக இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர். ஜவ்வாது மலையில் ரெண்டு நாள் நடக்க வேண்டுமாம். எடை கம்மியான படுக்கைப் பை, வடிகட்டி, விசில் எடுத்துக் கொடுத்தேன். "எங்க போறீங்க, எப்ப வருவீங்கன்னு யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போங்க சார்" என்றேன்.

"சொல்ல யாரு இருக்காங்க? உங்ககிட்டயே சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வந்துடுவேன்" என்றார்.

ஞாயிறு வரவில்லை. போன் அணைந்திருந்தது. கடை வைத்த ஆறு வருஷத்தில் முதல் தடவையாகத் திங்கட்கிழமை கடையைத் திறக்காமல் மலைக்குப் போகும் முதல் பஸ்ஸில் ஏறினேன். எங்கே தேடுவது, யாரைக் கேட்பது, ஒன்றும் தெரியாது.

மலை மேல் பஸ் நிற்கும் இடத்தில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஓடையில் வழுக்கி விழுந்து, கணுக்கால் வீங்கி, வேட்டித் துணியால் கட்டியிருந்தார். போன் தண்ணீரில் போயிருந்தது. மலைக்காரர் ஒருவர் தோள் கொடுத்துக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழ முயன்றார். டீ கையில் கொட்டியது.

"நெஜமாவே என்னைத் தேடியா வந்தீங்க?"

இப்போது ஏழெட்டுப் பேர் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் மலையேறுகிறார்கள். நான் எங்காவது கிளம்பினால் யாரிடம் சொல்லிவிட்டுப் போவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.