நாற்பது பேருக்கு ஆறு, மணப்பெண்ணுக்கு ஏழு

மஹ்ஜூபாவின் கணக்கு நோட்டில் ஒரே ஒரு சிவப்புப் பெருக்கல் குறிதான் உண்டு. அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவள் நான். அதனால் இந்தக் கதையையும் நானே சொல்லிவிடுகிறேன்.

செஃப்ரூ ஊரில், ஹம்மாம் என்கிற எங்கள் பொதுக் குளியல் கூடத்தின் தண்ணீருக்கு முப்பது வருடமாக அவள்தான் எஜமானி. ஸோஹ்ராவாகிய நான் உள்ளே முதுகு தேய்க்கிறவள். தொட்டி பன்னிரண்டு சாண் ஆழம். ஒரு சாணுக்கு இருபத்தைந்து வாளி. கோடு கீறிய கழியை உள்ளே விட்டு எடுத்து, "இன்னும் தொண்ணூறு வாளி இருக்கு" என்பாள். அவ்வளவுதான் இருக்கும். அவள் புருஷன் கல்யாணமான மறுவருடம் பிரான்ஸுக்குப் போனவன், திரும்பவே இல்லை. அந்தக் கணக்கை மட்டும் அவள் யாரிடமும் பேசியதில்லை.

ஐம்பது தாண்டிய பிறகு இரண்டு பேரும் எழுத்தும் கணக்கும் படிக்கப் பள்ளிவாசல் பெண்கள் வகுப்பில் சேர்ந்தோம். ஒருநாள் ஒரு கணக்கு வந்தது. ஒரு குழாய் தொட்டியை மூன்று மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று ஆறு மணி நேரத்தில். இரண்டையும் திறந்தால்? எங்கள் குழாய்களைப் பார்த்தே எழுதியது போலிருந்தது. மணிக்கு மூன்றில் ஒரு பங்கும் ஆறில் ஒரு பங்கும் சேர்ந்தால் பாதி. ஆக இரண்டு மணி நேரம் என்று எழுதினேன். டீச்சர் தட்டிக்கொடுத்தாள். மஹ்ஜூபாவோ இரண்டு மணி இருபத்து நாலு நிமிடம் என்று எழுதி, அந்தச் சிவப்புக் குறியை வாங்கிக்கொண்டாள்.

"டீச்சர், ரெண்டும் ஒரே பைப்புல இருந்துதானே பிரியுது? தனியா விட்டா மணிக்கு ஒண்ணுல நாலு சாண், ஒண்ணுல ரெண்டு சாண் ஏறும். சேத்துத் திறந்தா அழுத்தம் கொறஞ்சு அஞ்சு சாண்தான்."

"புத்தகத்துல அப்படி இல்லையேம்மா."

"புத்தகம் எந்த ஹம்மாம்ல குளிச்சுது?"

அந்த வருடம் வறட்சி. ஹம்மாம்களுக்கு வியாழக்கிழமை மட்டும், பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை தண்ணீர். என் மகள் இக்ராமின் கல்யாணக் குளியலும் அப்படியொரு வியாழனில்தான் வந்து தொலைத்தது. விருந்தாளிகள் நாற்பது பேர். கடைசியில் ஏழு சுமங்கலிகள் ஆளுக்கொரு வாளியாக மணப்பெண் தலையில் ஊற்ற வேண்டும். அந்த ஏழில் ஒன்று குறைந்தாலும் பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிக் காட்டுவார்கள். காலித் தொட்டி இரண்டு மணி நேரத்தில் நிறையும், முந்நூறு வாளி என்று கணக்குப் போட்டு, 'ஆளுக்கு ஏழு வாளி' என்று சம்பந்தியம்மா ஹாஜா பத்தூலிடம் நான் பீற்றிக்கொண்டுவிட்டேன்.

வியாழன் காலை மஹ்ஜூபா வாசலிலேயே மறித்தாள். "ஆறுதான்டி வரும்."

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. "நல்ல காரியத்துல வாய் வைக்காதே. புருஷன் விட்டுட்டுப் போனவ கணக்கு என் பொண்ணுக்கு வேண்டாம்!"

சொன்ன வாயைக் கொதிக்கிற கொப்பரையில்தான் வைக்க வேண்டும். அவள் சாக்கட்டியை எடுத்து அடுப்பறைக் கதவில் எழுதினாள்.

"மணிக்கு அஞ்சு சாண். ரெண்டு மணிக்குப் பத்து. பத்து இருபத்தஞ்சு இருநூத்தம்பது வாளி. ஒருத்திக்கு எத்தனைன்னு தெரியாது, அதுக்கு 'ஏதோ'ன்னு பேரு வை. நாப்பது ஏதோவும் ஏழும் சேந்தா இருநூத்தம்பது. முதல்ல பொண்ணோட ஏழை எடுத்து வை. இருநூத்து நாப்பத்து மூணு. அதை நாப்பதால வகு. ஆறு. மிச்சம் மூணு."

"ஏழுன்னே குடுத்தா?"

"முப்பத்தஞ்சு பேருக்குத்தான் வரும். அஞ்சு பேர் சோப்பும் நுரையுமா நிப்பாங்க. இக்ராம் காஞ்ச தலையோட வீட்டுக்குப் போவா."

நான் நம்பவில்லை. இரண்டு மணிக்குக் குழாய் இருமிவிட்டு நின்றது. அவள் கழியை விட்டு எடுத்தாள். ஈரம் பத்தாவது கோட்டில் நின்றது, ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சம்பந்தியிடம் ஆறு என்று சொன்னபோது அவள் எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்: "ஏழுன்னு சொன்னியே சம்பந்தி, வர்ற வழியில ஒண்ணைக் குடிச்சிட்டியா?" கூடம் முழுக்கச் சிரிப்பு. மஹ்ஜூபா முதலில் ஏழு பித்தளை வாளியை நிரப்பி, மூடி போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்களுக்கு எண்ணி எண்ணி ஆறு. 'இன்னும் ஒண்ணு' என்று கெஞ்சியவர்களுக்கும் ஆறுதான். நாற்பது தலையும் நுரை போகக் குளித்து முடித்தபோது தொட்டியில் மூன்று வாளி மிச்சமிருந்தது.

பிறகு குலவையோடு ஏழு வாளிகள் வந்தன. ஆறு ஊற்றியாயிற்று. ஏழாவதுக்குச் சம்பந்தியின் தங்கை கை நீட்டினாள். நான் வாளியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"இது மஹ்ஜூபா ஊத்தணும்."

"அவளா? அவ புருஷன்..." என்று சம்பந்தி இழுத்தாள்.

"தெரியும். காலையில நானே அதை அவ மூஞ்சிக்கு நேரா சொன்னேன், என் நாக்கு அழுக! அவ மட்டும் இல்லேன்னா இந்த வாளியே இல்லை, போய்த் தொட்டியை எட்டிப் பாருங்க!"

இக்ராம் மஹ்ஜூபா பக்கம் திரும்பித் தலையைக் குனிந்தாள். "ஊத்துங்க பெரியம்மா."

முப்பது வருடம் தண்ணீர் மொண்டவள் வந்து வாளியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மெதுவாக, கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினாள். காலி வாளியைக் கவிழ்த்துத் தரையில் வைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏழு" என்றாள்.