விறகில் பூச்சி

1991. ஒரகடம் கூட்டுரோட்டில் பேருந்துக்குக் காத்திருக்கிறேன். கால் கடுக்கிறது. டீக்கடை விறகுக் குவியலில் உட்காரப் போகிறேன்.

“அண்ணே, அங்க குந்தாதீங்க, பூச்சி கீது,” என்கிறார் கடைக்காரம்மா.

எறும்பாக இருக்கும் என்று துண்டால் தட்டிவிட்டு உட்காருகிறேன். தொடையருகே, விறகு இடுக்கில், பாம்பு ஒன்று தலையைத் தூக்குகிறது. துள்ளி எழுகிறேன். அது மீண்டும் உள்ளே போய்விடுகிறது.

“பாம்புன்னு சொல்லக்கூடாதாம்மா?”

“பேரச் சொன்னா கூப்ட்ட மாதிரி ஆயிடும்ணே. வெளியூரா? அதான் அதுக்குத் துண்டால விசிறி வுட்டீங்க!”

மூட்டையோடு வந்த உள்ளூர்க்காரர் ஒருவர் அதே விறகில் சாயப் போகிறார். முன்பின் தெரியாதவர்களிடம் எனக்குப் பேச்சு வராது. ஆனாலும், “பூச்சி” என்கிறேன்.

மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு ரோட்டுக்குத் தாவுகிறார்.