ஹெரிங்கா, தகடா

என் மனைவியை நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் பக்கத்தில் நீளமான கறுப்பு உறை ஒன்று சாய்ந்து நின்றது. ஹனோவரிலிருந்து வடக்கே போன ரயில் சிக்னல் கோளாறில் வயல்வெளிக்கு நடுவே நின்றுவிட்டது. எதிர் இருக்கையில் ஒரு தமிழ் முகம். பேச்சைத் தொடங்க வேறு வழி தெரியாமல், "என்ன இன்ஸ்ட்ருமெண்ட் வாசிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"வாசிக்கிறேல்லை. மீன் பிடிக்கிறனான்" என்றாள்.

ரயில் கிளம்புகிற மாதிரி இல்லை. அவள் உறையைத் திறந்து தூண்டில் கழியைக் காட்டினாள். பிறகு ஒரு பெட்டியை மடியில் வைத்துத் திறந்தாள். உள்ளே கரண்டியைப் போல வளைந்த தகடுகள், வெள்ளியும் செம்பும் பச்சையுமாக, ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று முனை முள். தண்ணீரில் இழுத்தால் இவை சின்ன மீனைப் போல நெளியும், பெரிய மீன் ஏமாந்து கடிக்கும் என்றாள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, எங்கள் வீட்டில் முட்டைகூடச் சமைப்பதில்லை என்றேன்.

"நல்லதாப் போச்சு. பங்கு கேக்க மாட்டீங்கள்" என்றாள்.

மன்னாரில் பிறந்து, விவரம் தெரியாத வயதில் பெற்றோரோடு இங்கே வந்தவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சின்ன வயதில் அவளுக்கு சாமன், அதாவது சால்மன், என்றால் டின்னில் அடைத்து வருகிற மீன், அவ்வளவுதான். ஜெர்மன்காரர்கள் லாக்ஸ் என்று சொல்கிற அசல் சாமன் ஓர் ஆள் கை நீளத்துக்கு பால்டிக் கடலில் நீந்துகிறது என்று பள்ளிக்கூடத்தில் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அதைப் பிடிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காகவே மீன்பிடிப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினாள். இன்றுவரை வாகன லைசென்ஸ் எடுக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு உண்டானது. மீன் சமையல் பால்கனியில், தனி மின் அடுப்பில், தனிச் சட்டியில். சமையலறைக்குள் மீன் வராது. ஆனால் தூண்டில் பெட்டி மட்டும் எப்படியோ சாப்பாட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தது. அவளுக்கு முடிச்சுப் போடப் பொறுமை கிடையாது. தூண்டில் நரம்பு சிக்கிக்கொண்டால் வெட்டி எறிந்துவிடுவாள். ஒருநாள் அந்தச் சிக்கலை நான் எடுத்து அவிழ்க்கத் தொடங்கினேன். அவிழ்த்து முடித்ததும் முடிச்சும் போட்டுப் பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, "தங்கூசி அறுந்தாலும் இந்த முடிச்சு அவிழாது" என்றாள். நான் நரம்பு என்று சொல்வது அவளுக்குத் தங்கூசி.

அதிலிருந்து குளிர்காலம் முழுவதும் அது என் வேலையானது. ஆபீசில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறவன் வீட்டில் தகடுகளைக் குளியல் தொட்டியில் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எது நன்றாக நெளிகிறது, எது வெறுமனே சுற்றுகிறது என்று பார்ப்பேன். சுற்றுகிற தகடு நரம்பை முறுக்கிவிடும், அதைத் தனியே வைத்துவிடுவேன். வெயில் நாளுக்கு வெள்ளி, மப்பு நாளுக்குக் கறுப்புப் பச்சை, காலை மங்கலுக்குச் செம்பு என்று அடுக்கிக் கொடுப்பேன்.

அவள் எல்லாவற்றையும் பாராட்டிவிட்டுக் கடைசியில் ஹெரிங்கைத்தான் எடுப்பாள்.

ஹெரிங் என்பது நம் மத்தியைப் போல ஒரு சின்ன மீன். வசந்தத்தில் கூட்டம் கூட்டமாகக் கரைக்கு வரும், அதைத் தின்னப் பின்னாலேயே லாக்ஸ் வரும். செத்த ஹெரிங்கின் தலையில் ஒரு பிளாஸ்டிக் தொப்பியை மாட்டி, முள்ளை உடம்பில் ஏற்றி இழுத்தால், அடிபட்ட மீன் தடுமாறி நீந்துவது போலவே இருக்குமாம். "நீங்கள் தின்னுற ஆளெண்டால் தகரத் தோசையைத் தின்னுவீங்களோ, உண்மைத் தோசையைத் தின்னுவீங்களோ?" என்று கேட்பாள். ஆனாலும் நான் தகடு மட்டும்தான் கட்டினேன். ஹெரிங்கை அவள் தானே மாட்டிக்கொண்டாள். அதைத் தொடச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை.

ஒவ்வொரு வசந்தத்திலும் பால்டிக் கடலில் இருக்கும் ரூகன் தீவுக்குப் போவோம். கரையில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள், எதிரே சாம்பல் நிறக் கடல். படகுக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போவார். பின்னால் தூண்டில்கள் இழுபட்டுக்கொண்டு வரும். சில வருடம் லாக்ஸ் கிடைத்தது, பல வருடம் வெறுங்கை. நான் பிளாஸ்கில் தேநீர் ஊற்றிக் கொடுப்பவன், அவ்வளவுதான்.

போன குளிர்காலத்தில் பனி உறைந்த நடைபாதையில் வழுக்கி விழுந்து அவள் வலது மணிக்கட்டு முறிந்தது. ஏப்ரலில் கட்டுப் பிரித்துவிட்டார்கள். ஆனால் பாரம் எதுவும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். படகை முந்தின இலையுதிர்காலத்திலேயே பேசி வைத்திருந்தோம்.

"கேன்சல் பண்ணிடலாம்மா" என்றேன்.

"ஏன்? நீங்கள் பிடியுங்கோ."

"நானா?"

"சுற்றுலா வாற ஆக்களுக்குச் சின்ன லைசென்ஸ் குடுக்கினம். நான் சொல்லச் சொல்ல நீங்கள் சுத்தினால் சரி."

மாட்டேன் என்றேன். இரண்டு நாள் அவள் தூண்டில் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கோபமில்லை, ஏக்கம். நான் ஒத்துக்கொண்டேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: மூன்று முனை முள் எதிலும் வேண்டாம், எல்லாவற்றிலும் ஒற்றை முள். பிடித்தால் ஓர் இடத்தில் மட்டும் குத்தட்டும்.

"மூண்டு முள்ளிலையே நழுவுற மீன் ஒண்டில நிக்குமோ?" என்று முணுமுணுத்தாள். ஆனால் ரூகனில் போய் இறங்கியதும் ஒற்றை முள் வாங்க அவளேதான் கடைக்குக் கூட்டிப்போனாள். கடைக்காரரிடம் அரை மணி நேரம் கேள்வி கேட்டு, பெரிதுமில்லாமல் சிறிதுமில்லாமல் ஓர் அளவைத் தேர்ந்தெடுத்தாள். அன்று மாலை விடுதி அறையில் உட்கார்ந்து, எல்லாத் தகட்டிலும் பழைய முள்ளைக் கழற்றி ஒற்றை முள்ளை மாட்டினேன். அவள் கட்டிலில் சாய்ந்தபடி இடது கையால் ஒவ்வொன்றையும் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

மறுநாள் காலை மப்பு. காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. கறுப்புப் பச்சைத் தகடுகளை வரிசையாகத் தண்ணீரில் விட்டோம். கடைசித் தூண்டிலுக்கு அவள் ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு ஹெரிங்கை எடுத்தாள். இடது கையால் அதன் தலையில் தொப்பியை மாட்டப் பார்த்தாள். படகு ஆடியது, மீன் வழுக்கி விழுந்தது. மறுபடி எடுத்து முழங்கால்களுக்கு இடையில் வைத்து அழுத்தினாள். மறுபடி விழுந்தது. படகுக்காரர் சுக்கானை விட்டு வர முடியாது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மூன்றாம் தடவை குனிந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், கை வலி.

"கொடு" என்றேன்.

"வேண்டாமப்பா. உங்களுக்கு ஏலாது."

"கொடும்மா."

ஹெரிங் ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. செதில் விரலில் ஒட்டியது. நான் எதிர்பார்த்த அருவருப்பு வரவில்லை. தொப்பியை மாட்டி, அவள் சொன்ன இடத்தில் முள்ளை ஏற்றி, தண்ணீரில் விட்டேன். அது பக்கவாட்டில் புரண்டு புரண்டு போனது. உயிருள்ள மீன் என்றே யாரும் நம்பியிருப்பார்கள். அவள் ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்து என் விரல்களைத் துடைத்தாள்.

நண்பகலுக்குள் அந்தக் கழிதான் வளைந்தது.

"எடுங்கோ! எடுங்கோ! இழுக்காதேங்கோ, ஓட விடுங்கோ!"

கழி என் கையில் துடித்தது. நரம்பு சரசரவென்று ஓடியது. அவள் என் காதுக்கருகில் நின்று, "இப்ப சுத்துங்கோ... நிப்பாட்டுங்கோ... நுனியை உயர்த்துங்கோ" என்று கத்திக்கொண்டே இருந்தாள். தூரத்தில் ஒரு வெள்ளி உடம்பு தண்ணீரைவிட்டு எழும்பி விழுந்தது. என் தோள்கள் எரிந்தன. எத்தனை நேரம் ஆனதென்று தெரியவில்லை. கடைசியில் படகோரம் வந்துவிட்டது. படகுக்காரர் வலையைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்து மீனை அதற்குள் வாங்கினார். அவள் இதுவரை பிடித்த எதையும்விடப் பெரிய லாக்ஸ்.

படகுக்காரர் குனிந்து வாலுக்கு முன்னால் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து இல்லையென்று தலையை ஆட்டினார்.

லாக்ஸின் முதுகில், வாலுக்குச் சற்று முன்னால், விரல் நுனியளவு சதைத் துடுப்பு ஒன்று இருக்கும். பண்ணையில் பொரித்துக் கடலில் விடுகிற குஞ்சுகளுக்கு அதை வெட்டி அடையாளம் செய்திருப்பார்கள். அப்படி வெட்டியதைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஆற்றில் தானாகப் பிறந்ததை விட்டுவிட வேண்டும் என்பது விதி. இதற்குத் துடுப்பு முழுசாக இருந்தது.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அதற்குள் படகின் விளிம்பில் முழங்காலிட்டிருந்தாள். "முள்ளைக் கழட்டுங்கோ, வெளியில எடுக்காமல்" என்றாள். ஒற்றை முள், ஒரே அசைவில் வந்துவிட்டது. மீன் களைத்துப் போய்ச் சாய்ந்தது. அவள் நல்ல கையால் அதன் வாலைப் பிடித்தாள், நான் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்தேன். பனிக்கட்டித் தண்ணீர். செவுள் மெல்லத் திறந்து மூடியது. திடீரென்று உடம்பு முழுவதும் இறுகி, எங்கள் கைகளை உதறிவிட்டு ஆழத்துக்குப் போனது.

அவள் அழுதாள். ஏமாற்றம் என்று நினைத்து, "அடுத்தது வரும்மா" என்றேன்.

"போங்கோப்பா. எவ்வளவு வடிவான மீன்" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அதுவும் நீங்கள் கொழுவின ஹெரிங்குக்கு."

அன்று வேறெதுவும் கடிக்கவில்லை. துறைமுகத்தில் அவள் மீன் வைத்த ரொட்டி தின்றாள், நான் உருளைக்கிழங்கு வறுவல். என் கையை இழுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, எனக்கு வைத்த எலுமிச்சைத் துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிட்டாள்.

விடுதிக்கு வந்ததும் அவள் அம்மா, என் மாமி, போன் செய்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"லாக்ஸ் கிடைச்சதோ?"

"கிடைச்சது அம்மா. பெரிசு. இவர்தான் பிடிச்சவர்."

"மருமகனோ! எப்ப கொண்டு வாறியள்?"

"விட்டிட்டம்."

அவள் சதைத் துடுப்பைப் பற்றியும் விதியைப் பற்றியும் விளக்கினாள். மாமி பொறுமையாகக் கேட்டார். பிறகு, ஸ்பீக்கர் என்று தெரியாமல், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"பிள்ளை, அவர் சாப்பிடாட்டி அவருக்குக் கத்தரிக்காய்க் கறி வைச்சுக் குடுத்திருப்பன்தானே. அதுக்காக மீனைக் கடலிலயோ விடுறது?"

அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மாமி வீட்டில் இன்றுவரை கதை அப்படித்தான் சொல்லப்படுகிறது. நானும் திருத்தப் போகவில்லை.