டிவி ஜெயிலும் புஷ்பம் அக்காவும்

போன வாரம் சுங்கை பெசாரில் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் மீ கோரேங் சாப்பிட ஒரு கடையில் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே டிவி. பெண்கள் ஜெயிலில் கதாநாயகி கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். பல வருடத் தண்டனையாம். புருவம் திருத்தி, மை தீட்டி, கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவள் மாதிரி இருக்கிறாள். "ஐயோ பாவம்லா," என்றாள் கல்லாவில் இருந்த பெண். நான் மீ தட்டைத் தள்ளி வைத்தேன். கோபமா வெட்கமா என்று கேட்காதீர்கள், இரண்டும்தான்.

எங்கள் தோட்டம் கோல சிலாங்கூர் பக்கம், எண்ணெய்க்கான செம்பனை. வேலையாட்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டுக் கூரையில்தான் முதலில் டிவி தட்டு ஏறியது. ஏழு மணிக்கு ஜெபம், ஏழரைக்கு நாடகம். லயத்துப் பெண்கள் ஜெபத்துக்கு வருவதாகத்தான் பேர். நேரம் நெருங்க நெருங்க அம்மாவின் ஜெபம் ஓட்டம் பிடிக்கும். ஆமென் சொல்லும்போதே நான் ரிமோட்டை அமுக்கியிருப்பேன். அந்த நாடகத்திலும் பெண்கள் ஜெயில்தான்.

ஜெபத்தில் தவறாமல் வரும் பேர் அடுத்த வீட்டுப் புஷ்பம் அக்கா. புருஷன் திருடி வந்த சாமான்கள் கட்டிலுக்கடியில் சிக்கின. அவன் பின்வாசல் வழியாக ஓடிவிட்டான், அக்கா அகப்பட்டாள். இரண்டு வருடம். நாலு வயது மகள் ஸ்டெல்லா எங்கள் வீட்டில். ஜெயிலுக்குப் போய்ப் பார்க்க எல்லாருக்கும் பயம். அதனால் அக்கா எப்படி இருக்கிறாள் என்பதை நாடகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். "ஆண்டவரே, கொதிக்கிற தண்ணிய ஊத்துறாளே அந்தப் படுபாவி, அவ கையிலேருந்து நம்ம புஷ்பத்தக் காப்பாத்துங்கப்பா," என்று அம்மா கண்ணீரோடு ஜெபிப்பார். சிரிக்காதீர்கள், நானும் ஆமென் சொன்னவள்தான்.

பிறகு நாடகத்தில் கதை திரும்பியது. அழுதுகொண்டிருந்த கதாநாயகியே ரவுடியாகி, பழிவாங்கக் கத்தியோடு வெளியே வந்தாள். பெண்கள் கை தட்டினார்கள். ஸ்டெல்லா என் மடியில் உட்கார்ந்து பார்த்தாள். அவளுக்குச் சோறு ஊட்டுவது என் வேலை. எனக்குப் பதினாலு வயது. பொறுமை கிடையாது, சனியன் பிடித்த வாய் மட்டும் உண்டு. "வாயத் தொற. இல்லன்னா உங்கம்மா இந்த மாதிரி கத்தியோட வருவாங்க," என்பேன். உடனே வாய் திறக்கும். தட்டு காலியாகும். அம்மா என்னைக் கெட்டிக்காரி என்றார்.

அக்கா விடுதலையாகி வந்த காலையில் லயமே வாசலில் நின்றது. அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. ஸ்டெல்லாவைப் பார்த்ததும் மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளை வீறிட்டு அலறி, என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. "வேணாம், வேணாம், நான் சாப்பிட்டுட்டேன்!" என்று கத்தியது. அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை.

"அடிச்சாங்களா புஷ்பம்?" என்று பெண்கள் மொய்த்தார்கள்.

"அடியெல்லாம் இல்லக்கா. ஆள எண்ணுவாங்க. குத்துக்கால் போட்டுத் தலையக் குனிஞ்சு உக்காரணும், எண்ணுவாங்க. காலையில, மத்தியானம், சாயங்காலம்."

அவர்களுக்குச் சப்பென்று போயிற்று. எதையோ மறைக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். அக்கா கக்கூசுக்குப் போவதற்குக்கூட எங்கள் வாசலில் நின்று, "போகட்டுமாக்கா?" என்று அம்மாவைக் கேட்பாள். தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் போதும், இருந்த இடத்தில் குத்துக்காலிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். லயத்துப் பிள்ளைகள் வேண்டுமென்றே "மண்டோர் வராரு!" என்று கத்துவோம். அவள் உட்காருவாள், நாங்கள் சிரிப்போம். எந்த நாடகத்திலும் இதைக் காட்டி நான் பார்த்ததில்லை.

ஐந்து மாதம் முயன்றாள். தினமும் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் படியில் உட்காருவாள். சோற்றைக் கண்டாலே பிள்ளை ஓடி ஒளியும். கடைசியில் அம்மாவே சொன்னார்: "பேசாம அவ அத்தகிட்ட அனுப்பிரு புஷ்பம். புள்ள பயந்தே செத்துரும்." சுங்கை ஆயர் தாவாரிலிருந்து அத்தை வந்து கூட்டிப்போனார். அன்றைக்காவது நான் சொல்லியிருக்கலாம். அடி விழும் என்று பேசாமல் இருந்தேன். வெறும் ரெண்டு அடி. வருடம் திரும்புவதற்குள் அக்கா காய்ச்சலில் போய்விட்டாள்.

ஸ்டெல்லா இப்போது ரவாங்கில் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். போன வாரம் அந்த மீ கடையிலிருந்து எழுந்தவள் இரண்டு பஸ் மாறி அவளிடம்தான் போனேன். இத்தனை வருடம் கழித்தாவது சொல்லிவிடுவதென்று. தேத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். நான் ஆரம்பிக்குமுன் அவளே கேட்டாள்: "அம்மா போட்டோ ஒண்ணுகூட எங்கிட்ட இல்லக்கா. முகமே ஞாபகம் இல்ல. எப்படி இருப்பாங்க?"

"கறுப்புதான், ஆனா நல்ல களை. நெத்தி அகலமா இருக்கும். கன்னத்துல நீட்டா ஒரு தழும்பு..." சொல்லும்போதே எனக்கு உறைத்தது. தழும்பு அக்காவுக்கு இல்லை. கத்தியோடு வந்த அந்த டிவிக்காரிக்கு மேக்கப் போட்டு வைத்தது. அக்காவின் முகத்தைத் தேடினேன். குனிந்த உச்சி வகிடு மட்டும்தான் வந்தது.

ஸ்டெல்லா தன் கன்னத்தை மெல்லத் தடவினாள். "இந்தப் பக்கமாக்கா?"

"ஆமாம்மா," என்றேன்.