கருவாட்டுப் பொட்டலத்தில் எங்கள் கதை

இன்று பஸ்ஸில் அற்புதம் அக்காவைப் பார்த்தேன். இறங்கும்வரை அவர் கையை நான் விடவில்லை.

எண்பதுகளில் காரைக்கால்மேட்டு மீனவப் பெண்கள் நாங்கள் கருவாட்டுச் சங்கம் நடத்தினோம். விற்பனைக்கு உதவ வந்த ஒரு சார், பொட்டலத்தில் அச்சடிக்க 'ஆதரவற்ற ஏழைப் பெண்கள்' என்று எழுதிக்கொண்டு வந்தார்.

"இரக்கப்பட்டு வாங்குவாங்கம்மா."

எங்களுக்கு முகம் சுண்டிப்போனது. அக்காதான் வாய் திறந்தார்.

"எங்க கதைய நாங்க சொல்றோம். நீங்க எழுதுங்க சார்."

புயலில் படகுகள் உடைந்து ஆண்கள் கடலுக்குப் போக முடியாதபோது, எங்கள் கருவாடுதான் குடும்பங்களைக் காப்பாற்றியது. அதைச் சொன்னோம். அதுவே அச்சானது. சரக்கும் நன்றாக விற்றது.

"அன்னைக்கு நீங்கதாங்க்கா எங்க மானத்தக் காப்பாத்துனீங்க" என்றேன்.

"அட போடி, கருவாடு ருசியா இருந்துச்சு, வித்துச்சு!" என்று சிரித்தார்.

உங்களுக்காக அப்படி வாய் திறந்தவர் யாருங்க?