ருசி பார்க்கக் கூடாத சமையல்

தன்னம்பிக்கை வளர்த்துக்கொள்ள கவுன்சிலிங் போவது என்பது முழுக்க முழுக்க என் சொந்த முடிவு. எடுப்பதற்கு முன் மூன்று பேரிடம் கேட்டேன், அவ்வளவுதான். ஆபீஸில் ஒரு வரி மெயில் அனுப்புவதற்குள் நாலு பேரிடம் காட்டிவிடுவேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டு, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பூட்டு என்னைப் பார்த்துச் சிரிக்காத குறைதான்.

அடுக்களையில் இன்னும் மோசம். “ஏன்னா, குழம்புக்கு உப்பு போட்டேனா?” என்று குரல் கொடுப்பேன். ஹாலில் உட்கார்ந்திருக்கும் என் கணவர் பேப்பரைத் தாழ்த்தாமலே, “போட்டாச்சு, போட்டாச்சு” என்பார். பார்த்தாரா? எங்கே பார்த்தார்! சாப்பிட்டு முடித்ததும் “எப்படி இருக்கு?” என்று கேட்பேன். “நன்னாருக்கு.” இருபத்துநாலு வருஷமாக இதே பதில். கருகினாலும் நன்னாருக்கு, குழைந்தாலும் நன்னாருக்கு. இந்த மனுஷர் சொல்வதை எப்படி நம்புவது? யாராவது ஒருத்தர், ஒரே ஒரு தடவை, நான் செய்தது நன்றாக இருக்கிறது என்று சொல்லி, அதை நான் நம்பிவிட்டால் போதும். கவுன்சிலரிடம் இதைச் சொல்லித்தான் அழுதேன்.

கவுன்சிலர் என்னைவிட இருபது வயது சின்ன மலையாளப் பெண். டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, “சேச்சி, ஒராழ்ச்ச ஆரோடும் ‘சரியாணோ’ன்னு சோதிக்கண்டா” என்றாள். ஒரு வாரம் யாரிடமும் ‘சரிதானா’ என்று கேட்கக் கூடாதாம். இதுதான் ஹோம்வொர்க். “நான் பண்ணிடுவேனா?” என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் சிரித்தாள். சரிதான், ஹோம்வொர்க் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

கணவரிடமும் இந்த ஹோம்வொர்க்கைச் சொல்லிவைத்திருந்தேன். அந்த வாரத்தில்தான் மாமனாருடைய திவசம் வந்து விழுந்தது. வழக்கமாகத் திவசத்துக்குச் சமைக்க வரும் மாமி, பெண்ணின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தாள். “வேற ஆள் பாக்கட்டுமா?” என்று கேட்டார் கணவர். “வேண்டாம். நானே பண்ணறேன்” என்றேன். என் வாயிலிருந்தா வந்தது என்று எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவர் முகத்தில் கலவரம் தெரிந்தது. ஆனாலும் வழக்கம்போல, “பேஷா பண்ணு” என்றார்.

திவசச் சமையலைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பித்ருக்களுக்குப் படைக்கிற வரையில் எதையும் வாயில் வைத்து ருசி பார்க்கக் கூடாது. முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. இலையில் தனியாக உப்பு வைப்பதும் கிடையாது. சாப்பிட உட்காரும் வைதீகர்களும் குறை, நிறை எதுவும் சொல்ல மாட்டார்கள். சந்தேகப் பிராணி ஒருத்தியை வதைக்க வேண்டுமென்றே உட்கார்ந்து யோசித்தாலும் இவ்வளவு கச்சிதமாக ஏற்பாடு செய்ய முடியாது.

விடியற்காலையில் குளித்து மடிசாரோடு அடுப்படியில் நின்றேன். மோர்க்குழம்பு, மிளகு ரசம், வாழைக்காய்க் கறி, பாகற்காய், எள்ளுருண்டை என்று ஒவ்வொன்றாக இறங்கியது. “உப்பு போட்டேனா?” நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஹாலிலிருந்து ‘போட்டாச்சு’ என்ற குரல் வராமல் வீடே வெறிச்சென்று இருந்தது. போட்டிருப்பாய், உன்னை நம்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கவுன்சிலர் பார்த்திருந்தால் பூரித்துப் போயிருப்பாள்.

இரண்டு வைதீகர்கள் இலையில் உட்கார்ந்து மௌனமாகச் சாப்பிட்டார்கள். கதவு இடுக்கு வழியாக அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுளிப்பு? ஊஹூம். சாப்பிட்டு முடித்ததும் மந்திரத்தில் ஒரு கேள்வி உண்டு. திருப்தியா என்று என் கணவர் கேட்க வேண்டும், திருப்தி என்று அவர்கள் சொல்ல வேண்டும். வேறு பதிலுக்கு அந்த மந்திரத்தில் இடமே இல்லை. எங்கள் வீட்டு ‘நன்னாருக்கு’வின் சம்ஸ்கிருத வடிவம். இருந்தாலும் அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது.

அவர்கள் கிளம்பிப் போனபிறகு நாங்கள் இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவருக்குப் பரிமாறிவிட்டு நானும் மோர்க்குழம்பைப் பிசைந்து முதல் வாய் வைத்தேன். உப்பு இல்லை. ஒரு கல் உப்புகூட இல்லை. அவரைப் பார்த்தேன். பாதிச் சாதத்தைத் தாண்டியிருந்தார், மனுஷர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“ஐயோ, உங்கப்பாவுக்கு உப்பில்லாத சாப்பாட்டைப் போட்டுட்டேனே!” என்று கத்தினேன். “நீங்க பாட்டுக்கு முழுங்கிண்டிருக்கேளே, வாயைத் திறந்து சொன்னா என்ன?”

“நீதானே ஒண்ணும் கேக்கப்படாதுன்னு…”

“நான்தான் கேக்கப்படாது. நீங்க சொல்லலாமோன்னோ! இத்தனை வருஷமா ஏன் இப்படிப் பொய் சொல்றேள்?”

அவர் பிசைவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“கல்யாணம் ஆன புதுசுல ஒரு நாள் அடை கொஞ்சம் கெட்டியா இருக்குன்னு சொன்னேன், ஓர்மை இருக்கா? அன்னிக்கு அடுப்பை அணைச்சவள்தான். இன்னிவரைக்கும் இந்தாத்துல அடை கிடையாது. எனக்கு அடைன்னா உசிராக்கும். அதுக்கப்பறம் வாயைத் திறக்கவே பயம்.”

எனக்கு ஞாபகமே இல்லை. அவருக்கு அடை பிடிக்காது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. இருபத்துநாலு வருஷம் இந்த மனுஷரை அடைக்கு ஏங்க விட்டிருக்கிறேன்.

“சரி, இப்ப சொல்லுங்கோ. பயப்படாம சொல்லுங்கோ.”

“மோர்க்குழம்புல உப்பே இல்லை” என்றார். நான் ஓடிப் போய் அழுதுவிடுகிறேனா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக வாயில் வைத்துப் பார்த்தார். “ரசத்துல ரெண்டு தரம் போட்டுட்டே. வாழைக்காய் வேகலை. பாகற்காய் சுமார்.”

ஒவ்வொன்றும் சுருக்கென்று தைத்தது. ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. இலையில் பாக்கி இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஹோம்வொர்க் போனால் போகட்டும் என்று கேட்டேவிட்டேன்.

“எள்ளுருண்டை?”

ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நிதானமாக மென்றார்.

“அது நன்னாருக்கு” என்றார்.

நம்பினேன்.