மேடையை விட்டு இறங்கிய காதுகுத்து

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு டேப்லெட்டைப் பார்த்து, அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தையைச் சொன்னேன்.

சொன்னதில் எனக்கு வருத்தமே இல்லை. பக்கத்தில் கிடந்த மைக் ஆனில் இருந்ததுதான் வருத்தம்.

ராசிபுரத்துக்கு வெளியே, பைபாஸ் ஓரத்து மண்டபம். மேடையில் நான். கீழே ஊர்ப்பட்ட சொந்தம். என் வார்த்தை ஸ்பீக்கர் வழியாகக் கிளம்பி, கூரைத் தகரத்தில் முட்டி, பந்தி நடக்கிற இடம் வரைக்கும் போய் இறங்கியது. இத்தனை வருஷமாக இந்தப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்... என் சொல் ஒன்று இவ்வளவு பேருக்கு இவ்வளவு தெளிவாகப் போய்ச் சேர்ந்தது அன்றைக்குத்தான்.

கோபம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

என் கொழுந்தியாவின் மகள் கோகிலா. அவளுடைய பெண் குழந்தை யாழினிக்குக் காதுகுத்து. எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி. மாமன் மடியில் குழந்தை உட்கார வேண்டும். மாமன் வாங்கித் தந்த தோடு காதில் ஏற வேண்டும். அப்பன்காரன் பந்தியைப் பார்க்கப் போய்விட்டால்கூட யாரும் தேட மாட்டார்கள். மாமன் இல்லாமல் ஊசியை எடுக்க முடியுமா?

மாமன் இல்லை. அதுதான் சிக்கல்.

கோகிலாவின் தம்பி பிரபு, ரிக் வண்டியில் வேலை பார்க்கிறான். போர்வெல் போடுகிற வண்டி. திருச்செங்கோட்டில் இருந்து கிளம்பினால் மாசக்கணக்கில் வடக்கே எங்கேயாவது பாறையைக் குடைந்துகொண்டே இருக்கும். இப்போது சத்தீஸ்கர் பக்கம். அவனுக்காகவே விசேஷத்தை இரண்டு தடவை தள்ளி வைத்தார்கள். "இந்தப் பாயின்ட் முடிஞ்சதும் வாரேன்க்கா" என்பான். பாயின்ட் என்றால் துளை போடுகிற இடம். அந்தப் பாயின்ட் முடியும். அடுத்த பாயின்ட் வந்து நிற்கும். குழந்தை பிறந்ததில் இருந்து அவன் அதை நேரில் பார்த்ததே இல்லை.

கடைசியில் அவனே சொல்லிவிட்டான். "அக்கா, இதுக்கு மேல தள்ளாதே. கார்த்தி மடியில உக்கார வெச்சுக் குத்திரு. ஆனா நான் பாக்கோணும். ஊசி எறங்கையில புள்ள மூஞ்சிய நான் பாக்கோணும்."

கார்த்தி என் மகன். முறைக்கு அவனும் குழந்தைக்கு மாமன்தான். ஆக, மடி கார்த்தியுடையது, கண் பிரபுவுடையது. நடுவில் வீடியோ கால்.

"போன்ல தம்பி மூஞ்சி பொட்டாட்டம் தெரியும். உங்க டேபைக் கொண்டாங்க பெரியப்பா" என்றாள் கோகிலா. சபையில் எல்லாருக்கும் மாமன் தெரிய வேண்டும் அல்லவா? டேப் என்னுடையது என்பதால் பொறுப்பும் என் தலையில் ஏறியது. முந்தின நாள் வீட்டில் ஒத்திகை பார்த்தோம். பிரபு பளிச்சென்று வந்தான். பல்லிடுக்கில் இருந்த பாக்குத் துணுக்கு வரைக்கும் தெரிந்தது.

சரி, மண்டபத்துக்குப் போனோம்.

வாசலிலேயே ஒரு ஃப்ளெக்ஸ். நடுவில் யாழினி. சுற்றிலும் இரண்டு வகையறாப் பெரியவர்களின் கும்பிட்ட கைகள். அதற்குக் கீழே, குழந்தையின் பெயரைவிடப் பெரிய எழுத்தில், மண்டபத்து வைஃபை பாஸ்வேர்டு!

கோகிலாவின் வீட்டுக்காரர் செந்திலைப் பிடித்துக் கேட்டேன். "இதை எதுக்குங்க மாப்பிள்ளை போர்டுல போட்டீங்க?"

"என்னங்க மாமா இப்படிக் கேக்கறீங்க? வந்தவங்க நெட்டு இல்லாம உக்காந்திருந்தா நமக்குத்தானுங்க கேவலம்?"

எங்கள் ஊர்க்காரர்களை உங்களுக்குத் தெரியாது. வாசல் மிதித்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் முன்னால் பெயர் கேட்டாலே குற்றம். இலையில் எதுவும் குறையக் கூடாது, குறைந்தால் ஏழு ஊருக்குப் பேச்சு. இப்போது அந்த இலையில் வைஃபையும் ஒரு பதார்த்தமாகச் சேர்ந்துவிட்டது. ஒரே ஒரு ரௌட்டர். அதன் மேல் மண்டபம் நிறைய மனுஷர்கள் மொத்தமாகக் கையை வைத்தார்கள். ஒருத்தர் கிரிக்கெட் பார்க்கிறார். ஒரு பெண் வாசல் கோலத்தை ஸ்டேட்டஸில் ஏற்றுகிறாள். மூலையில் ஒரு மாமா ரிக் விற்பனை வீடியோ பார்க்கிறார்.

நல்ல நேரம் வந்தது. டேபைத் திறந்தேன். வைஃபை அடையாளம் விசிறி மாதிரி முழுசாக விரிந்து நிற்கிறது. அதற்குக் கீழே ஒரு வாக்கியம்.

கனெக்டட். நோ இன்டர்நெட்.

இதென்ன வாக்கியம், சொல்லுங்கள்? ஓட்டலில் "உக்காருங்க, இலை போட்டாச்சு, சோறு மட்டும் இல்லை" என்று சொன்னால் எழுந்து போய்விட மாட்டோமா? என் டேப் எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. வெறும் இலையின் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. இந்தச் சாதனங்களைச் செய்கிறவர்கள் எதையெல்லாமோ விளம்பரம் செய்கிறார்கள். மெல்லிசு என்கிறார்கள், வேகம் என்கிறார்கள், மழையில் நனையலாம் என்கிறார்கள். ஒரு தாய்மாமனை ஐந்து நிமிஷம் திரையில் நிறுத்தி வைக்கத் தெரியாத பொருளுக்கு மழையில் நனையத் தெரிந்து என்ன பிரயோஜனம்?

ரௌட்டரைப் பிடுங்கி மாட்டலாம் என்றால் அது மேனேஜர் ரூமில் இருக்கிறது. ரூம் பூட்டியிருக்கிறது. மேனேஜர் சாவியோடு வாழை இலை வாங்கப் போயிருக்கிறார்.

செந்தில் மைக்கைப் பிடித்தார். "உறவினர்கள் தயவு செஞ்சு கொஞ்ச நேரம் வைஃபையை ஆஃப் பண்ணிக்கோங்க. தாய்மாமன் லைன்ல வரோணும்."

என்ன நடந்தது தெரியுமா? எல்லாரும் கடமையாகப் போனை எடுத்தார்கள். எடுத்ததும் மெசேஜ் வந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசி வரிசையில் இருந்து ஒரு குரல் மட்டும் சந்தோஷமாக எழுந்தது.

"ஏனுங்க, இங்க வைஃபை இருக்குதுங்களா? பாஸ்வேர்டு என்னங்க?"

அதுவரை தெரியாமல் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்!

செந்தில் வெறுத்துப்போய் மைக்கை மேடை மேலேயே வைத்துவிட்டுப் போனார். அணைக்காமல்.

நான் வேறு வழி பார்த்தேன். என் போனில் ஹாட்ஸ்பாட். தகரக் கூரைக்குக் கீழே டவர் ஏது? ஜன்னல் திட்டில் வைத்தால் ஒரு கோடு வருகிறது, போகிறது. வைத்தேன். டேபை அதோடு சேர்த்தேன். மணி அடித்தது. திரையில் முதலில் வானம் வந்தது. அப்புறம் ஒரு நெற்றி. அப்புறம் பிரபுவின் வாய். "அக்கா..." என்று திறந்த வாய் அப்படியே நின்றது. என் டேபுக்கு அந்த நொடியில் என்ன தோன்றியதோ, மண்டபத்து வைஃபைதான் வலுவானது என்று தானாகவே அங்கே தாவிவிட்டது. மறுபடியும் வெறும் இலை. மறுபடியும் சப்பணம்.

அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

ஒரு பெரியம்மா, "எழுதறவரு பாருங்க" என்று பக்கத்தில் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது.

மண்டபத்து வைஃபையை 'மறந்துவிடு' என்று டேபுக்குக் கட்டளை போட்டேன். மறந்தது. ஆனால் இப்போது ஜன்னலில் இருந்த அந்த ஒற்றைக் கோடும் போய்விட்டது. தன்னிடம் இல்லாத நெட்டை என் போன் டேபுக்குத் தானம் செய்துகொண்டிருந்தது.

கோகிலாவின் போனுக்குச் சாதாரணக் கால் வந்தது. பிரபுதான். விட்டு விட்டுக் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"பெரியப்பா, என்னாச்சுங்க? கம்ப்ரஸர் லாரி மேல ஏறி நிக்கறேன். எனக்கு இங்க டவர் ஃபுல்லா இருக்குதுங்க."

காட்டுக்குள் லாரி மேல் நிற்கிறவனுக்கு முழு டவர். பைபாஸ் ஓரத்தில், பூ ஜோடித்த மண்டபத்தில், எனக்கு ஒன்றும் இல்லை. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

"ரிக் மேனேஜர் கத்தறாருங்க பெரியப்பா. புள்ளைக்குக் காது குத்தற வரைக்குந்தான் வண்டிய நிறுத்தி வெச்சிருக்கறாரு. சீக்கிரம் பாருங்க..." லைன் அறுந்தது.

ஊசியோடு உட்கார்ந்திருந்த பத்தர் நெளிந்தார். நகை செய்கிறவர், எங்கள் ஊரில் காது குத்துவதும் அவர்தான். "ஏனுங்க, நேரம் போயிட்டே இருக்குதுங்க. பொட்டிக்குள்ள இருக்கற மாமன் வாரப்ப வரட்டும். மடியில இருக்கற மாமனை வெச்சு முடிச்சுப் போடலாங்களா?"

"போட்டோ எடுத்து அனுப்பிச்சாப் போவுது" என்றார் கூட்டத்தில் யாரோ.

கோகிலா திரும்பினாள். பட்டுச் சேலையில் வியர்வை. கண்ணில் நீர் தளும்பி நிற்கிறது, ஆனால் விழவில்லை.

"போட்டோவை எல்லாரும் பாப்பாங்க. என்ற தம்பி பாக்கோணும்னு கேட்டது போட்டோவை இல்லீங்க." அப்புறம் என்னிடம்: "பெரியப்பா, எங்க போனா டவர் கெடைக்கும்?"

"ரோட்டுப் பக்கம் போனாத்தான் சாமி."

"அப்ப ரோட்டுல குத்திக்கலாம். பத்தரே, எந்திரிங்க."

அவள் மாமியார் பதறினார். "ஏங்கண்ணு, இத்தனை பூ வெச்சு ஜோடிச்ச மேடைய உட்டுட்டு, லாரி போற ரோட்டுலயா?"

"மேடை எங்கயும் ஓடாதுங்கத்தை. நேரந்தான் ஓடுது."

குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். இறங்கினாள். பின்னால் கார்த்தி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு. அவன் பின்னால் தோட்டுத் தட்டோடு செந்தில், ஊசிப் பெட்டியோடு பத்தர், புலம்பிக்கொண்டே மாமியார், டேபோடு நான். விசேஷமே மண்டபத்தை விட்டு வெளியே நடந்து போனது. மண்டபத்தில் பாதித் தலைகள் நிமிரவில்லை. நிமிர்ந்த ஒருத்தர் என்னைக் கேட்டார்: "பந்தி ரெடிங்களா?"

இதைத்தான் நினைத்து நினைத்துக் கொதிக்கிறேன். கம்பியில்லாமல் எல்லாரையும் இணைக்கிறோம் என்கிறார்கள். இணைத்த லட்சணம் இதுதானா? வரவேண்டிய ஒருத்தனை வரவிடாமல், வந்திருந்த அத்தனை பேரையும் வராதவர்களாக ஆக்கியதுதான் மிச்சம்.

பார்க்கிங் ஓரத்தில் ஒரு புளியமரம். அதன் நிழலில் நாற்காலி போட்டோம். வெயில் தார் ரோட்டில் அலையடிக்கிறது. பக்கத்தில் ஒரு முட்டை லாரி உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் எட்டிப் பார்த்தார். பட்டுச் சேலை, குழந்தை, பத்தர் கையில் ஊசி. "நடுரோட்டுல என்னங்க காதுகுத்து?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் இன்ஜினை அணைத்தார்.

ஹாட்ஸ்பாட்டைப் போட்டேன். டேப் சேர்ந்தது. மணி ஒரு தடவைதான் அடித்தது.

பிரபு வந்தான். முழு முகமும்.

புதுச் சட்டை போட்டிருந்தான். பெட்டியில் இருந்த மடிப்புகூட இன்னும் போகவில்லை. ஆனால் புருவத்தில் பாறைத் தூள் வெள்ளையாகப் படிந்திருந்தது. கழுவியும் போகாத தூள். பின்னால் வெளிறிய வானம். குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

யாழினி திரையைப் பார்த்தாள். கையை நீட்டினாள். மாமனின் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

சிவப்புப் பட்டன். கால் கட்டாகிவிட்டது!

"அய்யோ" என்று எல்லாரும் ஒன்றாகக் கத்தினோம். டிரைவரும் சேர்ந்து கத்தினார். திரும்ப அழுத்தினேன். சுற்றியது... சுற்றியது... வந்தான். சிரித்துக்கொண்டிருந்தான்.

"அடிச்சுப்புட்டாளேக்கா!"

"வாங்கிக்கோ. இத்தனை நாள் வராதவனுக்கு வேற என்ன குடுப்பா?" என்றாள் கோகிலா. இப்போது கண்ணீர் விழுந்தது.

பத்தர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "மாமன் உத்தரவு குடுக்கறாருங்களா?"

"குத்துங்க பத்தரே" என்றான் பிரபு.

ஊசி இறங்கியது. யாழினி போட்ட சத்தத்தில் புளியமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. கார்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் டேபைக் குழந்தைக்கு நேராகப் பிடித்தபடி திரையைப் பார்த்தேன். பிரபுவைக் காணோம். கண் இல்லை, வாய் இல்லை. திரை முழுக்கத் தூள் படிந்த ஒரு காது மட்டும். வீடியோ கால் என்பதையே மறந்து போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறான்!

"டேய், மூஞ்சியப் பாக்கோணும்னியே, பாருடா!" என்று கத்தினாள் கோகிலா.

"பாத்துட்டேன்க்கா" என்றது காது. "இப்ப கேக்கறேன். கிளியராக் கேக்குது... இன்னங்கொஞ்சம் அழுவ உடு."

இந்த நெட்காரர்களை மன்னித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

மாட்டேன்.